ஏழாம் நம்பர் முத்திரை

ஒடையல தங்கச்சி, ஒண்ணும் ஒடையல. அது அப்படித்தான் இறங்கணும். ப்ளேன் ரெக்கைக்குப் பின்னால பலகை மாதிரி ஒண்ணு நீளுது பாருங்க, அதுக்குப் பேரு ஃப்ளாப். மேல ஏறும்போது கொஞ்சம் இறங்கும், தரைக்கு வரும்போது நல்லா இறங்கும். சத்தம் வரத்தான் செய்யும். வரலேன்னாதான் நான் பயப்படுவேன். அந்தக் கைப்பிடிய விடுங்க, விரலெல்லாம் வெளுத்துப் போச்சு. வேணும்னா என் கையப் புடிச்சுக்குங்க, பரவால்ல.

எப்படித் தெரியுமா? அந்தப் பலகையத் தாங்கிப் புடிக்கிற பிராக்கெட் இருக்கே, அதான் எங்க சோறு. நாங்க செய்யறோம். ஆமாலா, நாங்கதான். பாயான் லெப்பாஸ்ல, இப்ப நாம ஏறுனமே அந்த ஏர்போர்ட்டுல இருந்து கெரெத்தா ஓட்டிப் போனா பத்து நிமிஷம். சிரிங்க, சிரிங்க. எல்லாரும் இப்படித்தான் சிரிப்பாங்க. பினாங்குல என்ன இருக்குன்னு கேட்டா நாசி கண்டார் சோறு இருக்கு, சிப்பு ஃபேக்டரி இருக்கும்பாங்க. ஏரோப்ளேன் ரெக்கைக்குச் சாமான் இருக்குன்னு ஒருத்தர் வாயில வராது. இந்த நாட்டுக்காரனுக்கு ரப்பர் கையுறையும் செம்பனை எண்ணெயும்தான் வரும்னு நம்மளே நெனச்சுக்கிட்டு இருக்கோம். எனக்குக் கோவம் வரும். இங்க சின்னச் சின்னதா எத்தனை கம்பெனி இருக்கு தெரியுமா? சுபாங் பக்கம் இருக்கு, கூலிம் பக்கம் இருக்கு. ஒருத்தன் ஸ்க்ரூ, ஒருத்தன் மூடி, ஒருத்தன் சீட்டுக்கு அடியில வர்ற கம்பி. அதெல்லாம் சேர்ந்துதான் பறக்குது.

இந்த ப்ளேன்லயா? அது எனக்குத் தெரியாது. நாங்க செஞ்சு அனுப்பறது வெளிநாட்டுக்குப் போகும், அங்கதான் ரெக்கை கட்டுவாங்க. அப்புறம் அது எந்தக் கம்பெனி ப்ளேன்ல ஏறுதுன்னு நாங்க கேக்கறதில்ல. இருக்கலாம்.

நான் எத்தனை தடவ ஏறியிருக்கேனா? அல்லாவே, இதான் மொத தடவ. நெஜமாத்தான். பதினோரு வருஷமா ரெக்கைக்குச் சாமான் அளக்கறவ, ரெக்கைய இவ்வளவு கிட்டத்துல இன்னைக்குத்தான் பாக்கறேன். அதனாலதான் சன்னல் சீட்டு கேட்டு வாங்குனேன். உங்களுக்குப் பயமா இருந்தா என் பக்கம் பாத்துப் பேசுங்க, வெளிய பாக்க வேணாம். நான் பேசிக்கிட்டே வர்றேன். கொஞ்சம் வாய் அதிகம் எனக்கு. இன்னைக்கு இன்னும் அதிகம்.

என் பேரு காமாரியா. ஜெலுத்தோங்ல ஃப்ளாட்டு. வீட்டுக்காரர் சீனி முகம்மது, நாசி கண்டார் கடையில கறி ஆக்கறாரு. அவருதான் காலையில மோட்டார்ல கொண்டாந்து விட்டாரு. நீங்க? சுபாஷினியா, நல்ல பேரு. டீச்சரா! பாயான் பாருலயா? அப்ப நம்ம பக்கத்துல இருந்துக்கிட்டே பாத்ததில்ல பாருங்க. கே.எல்.ல மூணு நாள் கோர்ஸா? பஸ்ல போயிருக்கலாமே. ஓ, ஸ்கூல்ல டிக்கெட் எடுத்துக் குடுத்துட்டாங்களா. சரிதான். எனக்கும் அப்படித்தான், கம்பெனி டிக்கெட்டு.

என்ன வேலையா? இன்ஸ்பெக்டர். போலீஸ் இல்லலா! சாமான அளக்கறவ. மெஷின்ல வெட்டி வந்த பீஸு சரியா இருக்கான்னு அளந்து, சரியா இருந்தா பேப்பர்ல முத்திரை குத்தணும். சின்ன முத்திரை, நடுவுல நம்பர் மட்டும் இருக்கும். ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு நம்பர், ஒருத்தர் நம்பர இன்னொருத்தர் தொடக்கூடாது. என்னோடது ஏழு. ஏழாம் நம்பர் விழுந்துச்சுன்னா அந்தப் பீஸுக்கு இந்தக் காமாரியா ஜவாப்புன்னு அர்த்தம். உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும், இருபது வருஷம் கழிச்சு அதத் தூக்கிப் பாத்தாலும், பேப்பர்ல ஏழு இருக்கும்.

படிச்சவன்னு நெனச்சீங்களா? ஃபோர்ம் ஃபைவோட ஸ்கூல் சரி. பதினெட்டு வயசுல ஃப்ரீ ட்ரேட் ஸோன்ல சிப்பு ஃபேக்டரிக்குப் போனேன். பதினேழு வருஷம் மைக்ரோஸ்கோப்புல கண்ண வச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒரு நாள் கூப்புட்டு, ஃபேக்டரிய வேற நாட்டுக்குக் கொண்டு போறோம், நீங்கள்லாம் வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. அப்ப எனக்கு முப்பத்தஞ்சு. எங்க சொந்தக்காரங்க சொன்னாங்க, இனிமே யாரு எடுப்பா, வீட்டுல இருந்து ஓலையில அரிசி கட்டி கெத்தூப்பாட் போட்டு விக்கலாமேன்னு. எனக்குக் கெத்தூப்பாட் மடிக்க வராது. வராதுன்னு சொன்னேன், விடல. அப்புறம்தான் முகம்மது கனி முதலாளி கடையில போய் நின்னேன்.

கடைன்னா கடைதான் அப்ப. ஜெலுத்தோங்ல, வெல்டிங் கடை வரிசையில, நாலு கடைசல் மெஷின், பதினோரு ஆளு. மீன்புடி படகு இஞ்சினுக்கு ஷாஃப்ட் கடையறது, சிப்பு ஃபேக்டரிக்குச் சின்னச் சின்ன அச்சு வெட்டறது. பொம்பள ஒருத்தி கிடையாது உள்ள. முதலாளி என்னப் பாத்தாரு, ஒரு உருளைய எடுத்துக் கையில குடுத்தாரு, மைக்ரோமீட்டரும் குடுத்தாரு. அளந்து சொன்னேன். அவரும் அளந்தாரு. ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு. நாளைக்கு வான்னாரு. அவ்வளவுதான் இன்டர்வியூ.

அஞ்சு வருஷம் கழிச்சு அவருக்கு இந்த ஏரோப்ளேன் பைத்தியம் புடிச்சுச்சு. எங்கயோ ஒரு கண்காட்சிக்குப் போயிட்டு வந்து, நாமளும் பண்ணுவோம்னாரு. அவரு மாமனாரே சிரிச்சாரு. வரிசையில இருந்த வெல்டிங்காரன் எல்லாம், என்ன பொஸ், ஏரோப்ளேன் எப்ப வரும், ரோட்டுல இறங்குமான்னு கேலி பண்ணுனான். மனுஷன் கண்டுக்கல. பழைய மெஷின வித்தாரு, புதுசு வாங்குனாரு, அளக்கறதுக்குன்னு தனி ரூம் கட்டுனாரு. அந்த ரூம் எப்பவும் இருபது டிகிரியிலேயே இருக்கணும், கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. வெளிய நம்ம ஊரு வெயிலு எப்படி, உங்களுக்குத் தெரியும்ல? உள்ள போனா சுவெட்டர் போட்டுக்கிட்டு உக்காரணும். நான் ஜெலுத்தோங் பசார்ல சுவெட்டர் தேடி அலைஞ்ச கதை தனிக் கதை.

அப்புறம் வெளிநாட்டுக் கம்பெனியில இருந்து ஆடிட்டர் வந்தாரு. வெள்ளைக்காரர், நல்ல ஒசரம். எங்க இடத்தச் சுத்திப் பாத்தாரு, மூஞ்சியில ஒண்ணும் தெரியல. அப்புறம் பையில இருந்து ஒரு அலுமினியத் துண்ட எடுத்து என் மேசையில வச்சாரு. இதோட அளவு எனக்குத் தெரியும், நீ அளந்து சொல்லுன்னாரு. முதலாளி எனக்குப் பின்னால நிக்கறாரு, மூச்சு விடற சத்தம் கேக்குது. அவரு அக்கா மகன் ஹாஃபிஸ், இப்ப எங்க மேனேஜர், அவரும் நிக்கறாரு. நான் அந்தத் துண்டத் தொட்டுப் பாத்தேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. கெரெத்தால வெயில்ல வந்திருக்கு. சூடா இருந்தா இரும்பும் அலுமினியமும் விரியும்ல, அளந்தா தப்பாத்தான் காட்டும். நான் சொன்னேன், சார், இப்ப அளக்க மாட்டேன், நாலு மணி நேரம் இந்த ரூம்ல கெடக்கட்டும், மத்தியானம் வாங்கன்னு. என் இங்கிலீஷ் எப்படி இருந்திருக்கும்னு நீங்களே நெனச்சுக்குங்க. ஹாஃபிஸ் என்ன அக்கான்னு கூப்புட மாட்டாரு, மலாயில காக்தான்; என் காதுகிட்ட வந்து, காக், ப்ளீஸ் அளந்துருங்க, சாருக்கு நேரம் இல்லேங்கறாரு. நேரம் இல்லேன்னா அளக்க வேணாம்னு சொல்லிட்டேன். சத்தமாத்தான் சொன்னேன்.

அந்தாளு சிரிச்சாரு. அன்னைக்கு மொத தடவயா சிரிச்சாரு. போய் மீ கோரெங் சாப்புட்டு மத்தியானம் திரும்பி வந்தாரு, அளந்து குடுத்தேன், சரியா இருந்துச்சு. மூணு மாசத்துல ஆர்டர் வந்துச்சு. இன்னைக்கு எங்க கம்பெனியில நூத்தி அறுபது பேரு. பாயான் லெப்பாஸ்ல சொந்தக் கட்டடம். வாசல்ல பெரிய போஸ்டர், அதுல நான் சுவெட்டர் போட்டுக்கிட்டு ஒரு பிராக்கெட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். மூக்கு கொஞ்சம் பெரிசா வந்துருச்சு. எங்க வீட்டுக்காரரு அதப் போன்ல படம் புடிச்சு வச்சு, கடைக்கு வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டறாரு.

இல்ல இல்ல, இது மேகம். மேகத்துக்குள்ள போறோம், கொஞ்சம் ஆடும். கெரெத்தா ஜெலுத்தோங் ரோட்டுல போனா ஆடாதா? அவ்வளவுதான். தண்ணி தர்றாங்க, வாங்கிக் குடிங்க. எனக்கு வேணாம்மா, காலையில இருந்து ஒண்ணும் எறங்கல. வீட்டுக்காரரு ரொட்டி கட்டிக் குடுத்தாரு, அதையும் அப்படியே வச்சிருக்கேன். உங்களுக்கு வேணுமா?

எதுக்குக் கே.எல். போறேனா? விருது வாங்க. என்னப் பாக்காதீங்க, எனக்கில்ல, கம்பெனிக்கு. நாட்டுல இந்த ஏரோப்ளேன் தொழில வளர்த்த கம்பெனிங்கன்னு சிலத எடுத்து மேடையில கூப்புடறாங்க இன்னைக்கு. ரெண்டு மணிக்கு, ஒரு ஓட்டல்ல. அமைச்சர் வர்றாராம். எங்களுக்குச் சாமான் எடுக்கற வெளிநாட்டுக் கம்பெனி ஆளுங்களும் மொத வரிசையில இருப்பாங்களாம். முதலாளியும் ஹாஃபிஸும் முந்தாநாளே போயிட்டாங்க. ஒவ்வொரு கம்பெனி சார்பாவும் ஒரு தொழிலாளி மூணு நிமிஷம் பேசணும். எங்க கம்பெனிக்கு நான். பேச்ச ஹாஃபிஸ் எழுதிக் குடுத்துட்டாரு, மனப்பாடம் பண்ணிட்டேன். பதினோரு வருஷத்துல எங்க பீஸ் ஒண்ணுகூடத் தப்புன்னு திரும்பி வந்ததில்ல, ஏன்னா எங்ககிட்ட அளக்காம எதுவும் வெளிய போகாது. அதான் முக்கியமான வரி. அந்த வரியில நிறுத்தி, எல்லாரையும் பாக்கணுமாம்.

ஹாஃபிஸ் நல்லவரா கெட்டவரான்னா கேக்கறீங்க? டீச்சர் மாதிரி கேக்கறீங்க. ரெண்டும்தான். ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நாலு வருஷம் முன்னாடி, முதலாளி உம்ராவுக்குப் போயிருந்த நேரம். அறுபது பீஸ் என் மேசைக்கு வந்துச்சு. அளவு சரி. ஆனா ஓட்டைக்கு உள்பக்கம் விரல வச்சா நெருடுது. பாத்தா தெரியாது, விரலுக்குத் தெரியும். வேணாம்னு ஒதுக்கி வச்சேன். ஹாஃபிஸ் வந்தாரு. லாரி நிக்குது காக், பேப்பர்ல அளவு சரியா இருக்குல்ல, குத்துங்கன்னாரு. மாட்டேன்னேன். நூத்தி அறுபது குடும்பத்த நெனச்சுப் பாருங்கன்னாரு. எப்பவும் அதத்தான் சொல்வாரு. நான் முத்திரைய எடுத்து அவரு முன்னால வச்சேன். முத்திரை உங்க கம்பெனியோடது தம்பி, கை என்னோடது, முத்திரைய வேணா எடுத்துக்குங்கன்னேன். எடுத்துக்கிட்டாரு.

ஆமா, எடுத்துக்கிட்டாரு, ஆனா என் நம்பர வேற யாரும் குத்தக்கூடாதுல்ல, லாரி அந்த அறுபதும் இல்லாமத்தான் போச்சு. மறுநாள்ல இருந்து என்னப் பேக்கிங்ல போட்டாரு. மூணு வாரம் பெட்டிக்கு டேப் ஒட்டுனேன். எனக்குக் கீழ வேலை பாத்த புள்ளைங்க எல்லாம் என்னத் தாண்டிப் போகும்போது தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போச்சுங்க. நான் குனியல. நல்லா நிமிர்ந்து ஒட்டுனேன். என் பெட்டி ஒண்ணுகூடப் பிரிஞ்சிருக்காது, கேட்டுப் பாருங்க. முதலாளி மக்காவுல இருந்து வந்தாரு, விஷயம் கேட்டாரு, அந்த அறுபதுல ஒண்ண எடுத்து அறுத்துப் பாக்கச் சொன்னாரு. உள்ள முழுக்கக் கீறல். வெட்டற கத்தி மொனை போயிருந்துச்சு. ஹாஃபிஸே முத்திரையக் கொண்டாந்து என் கையில குடுத்தாரு, எல்லாரும் பாக்க. மன்னிச்சிருங்க காக்னாரு. அது பெரிய மனசு இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்கப்புறம் எனக்குப் பேரு ஏழாம் நம்பர். கேன்டீன்ல டீ ஊத்தறவன்கூட, காக் துஜோ, ஏழாம் அக்கா, பாலு கம்மியாம்பான். புதுசா வர்ற புள்ளைங்களுக்கு ஹாஃபிஸே சொல்வாரு, காமாரியா காக் குத்துனா கண்ண மூடிக்கிட்டு ஏத்தலாம்னு.

அப்படிச் சொல்றது எனக்குப் புடிக்கும். பொய் சொல்லல, ரொம்பப் புடிக்கும். வீட்டுக்குப் போற வழியில பஸ்ல உக்காந்து நெனச்சு நெனச்சுச் சிரிச்சிருக்கேன். காய்கறிக்காரன்கிட்டகூட ரெண்டு வார்த்தை கூடப் பேச ஆரம்பிச்சேன். தெராசு சரியில்லேன்னு சண்டைக்குப் போவேன்.

காது அடைக்குதா? எச்சில முழுங்குங்க. இறங்க ஆரம்பிச்சுட்டான். ஒரு மணி நேரம்கூட ஆகல பாருங்க. எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தா நல்லா இருக்கும்போல இருக்கு.

என்னவா? ஒண்ணுமில்ல. இல்ல, ஒண்ணுமில்லேன்னு ஏன் சொல்லணும். சொல்றேன். நீங்க பயப்படக்கூடாது, மொதல்லயே சொல்லிடறேன், இந்த ப்ளேனுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல. எந்த ப்ளேனுக்கும் இன்னும் சம்மந்தம் இல்ல.

முந்தாநாள் ஹாஃபிஸ் கே.எல். கெளம்பும்போது, மேடையில புடிச்சுக் காட்ட ஒரு நல்ல பீஸாப் பாத்து ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டு வாங்க காக்ன்னாரு. ஒவ்வொரு தடவ அனுப்பும்போதும் அதுல ஒண்ண எங்க ஸ்டோர்லயே வச்சுக்குவோம், அடையாளத்துக்கு. நேத்து சாயங்காலம் போய், பளபளன்னு இருந்த ஒண்ண எடுத்தேன். இந்த வருஷம் ராயா பெருநாளுக்கு முந்தின நாள் போன சாமான்ல மிஞ்சுனது. எடுத்தவ பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். கை சும்மா இருக்குமா? எங்க ஸ்டோரும் அதே இருபது டிகிரிதானேன்னு உடனே மெஷின்ல வச்சு அளந்தேன். நாலு மணிக்கு. ஓட்டை பெரிசு. முடி இருக்குல்ல, ஒரு முடியில அஞ்சுல ஒரு பங்கு கூடக் கொறைய இருந்தா விடலாம். இது அதுக்கும் மேல போயிருச்சு. மூணு தடவ அளந்தேன். மூணு தடவையும் அதேதான்.

பேப்பர எடுத்தேன். இருபத்தஞ்சு பீஸு. இருபத்தஞ்சுக்கும் அளவு எழுதியிருக்கு, எல்லாம் சரின்னு எழுதியிருக்கு. கீழ முத்திரை. ஏழு.

யாரோ என் முத்திரையத் திருடிக் குத்திட்டாங்களா? நல்ல மனசு உங்களுக்கு. நானும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நெனச்சேன், நெனச்சுப் பாத்தேன். யாரு மேல போடலாம்னு பேருகூட வந்துச்சு மனசுக்கு. இல்ல தங்கச்சி. என் கைதான். எனக்கு அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு. ராயாவுக்கு முந்தின நாள், பாதி ஆளு லீவு, லாரி மூணு மணிக்கு. வீட்டுக்காரரு கடையில ஓயாத வேலை, ஜெலுத்தோங் பசார்ல கறிக்கடைக்காரன் நாலு மணிக்கு மூடிடுவான், பெருநாளைக்குக் கறி வாங்கணும். ரெண்டு பீஸ் அளந்தேன். ரெண்டும் சரியா இருந்துச்சு. பாக்கி எல்லாம் அதே மெஷின்ல, அதே ஆளு வெட்டுனதுதானேன்னு இருபத்து மூணுக்கும் நானே நம்பர் எழுதிக் குத்திட்டேன். யாரும் கட்டாயப்படுத்தல. ஹாஃபிஸ் அன்னைக்கு ஊருலயே இல்ல. குத்துனேன், கறி வாங்குனேன், ஆக்குனேன். நல்லா இருந்துச்சுன்னு ரெண்டாவது தடவ போட்டுச் சாப்புட்டாங்க எல்லாரும். எனக்கு அந்த முத்திரை அப்புறம் ஒரு நாள்கூட நெனப்புக்கு வரல. அதான் எனக்குத் தாங்கல.

அந்த இருபத்து நாலும் இப்ப அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஸ்டோர்லதான் இருக்கு, அடுத்த மாசம்தான் ரெக்கையில மாட்டுவாங்க. அதனாலதான் சொன்னேன், பயப்படாதீங்கன்னு. இன்னும் மாட்டலதானே, பேசாம ஹாஃபிஸ்கிட்ட மட்டும் சொல்லி, திங்கக்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லித் திருப்பி எடுத்துருக்கலாம்ங்கறீங்களா? அதையும் நெனச்சேன். அவரும் சரின்னுதான் சொல்லுவாரு, என் மேல இருக்கற மரியாதைக்கு. ஆனா ரூல் என்ன தெரியுமா? தப்பு தெரிஞ்ச நேரத்துல இருந்து ஒரு நாளைக்குள்ள சாமான் வாங்குனவங்ககிட்ட எழுத்துல சொல்லணும். அந்த ரூல நோட்டீஸ் போர்டுல ஒட்டுனதே நான்தான். யாரோ ஒருத்தன் அத ஏய்ச்சிருந்தா நான் விட்டுருப்பேனா? அவன் கழுத்தப் புடிச்சிருப்பேன். மூணு வாரம் டேப் ஒட்டுனவ, விரலுக்கு நெருடுதுன்னு அறுபது பீஸ நிறுத்துனவ, தனக்குன்னு வந்தா திங்கக்கிழமைன்னு சொல்லுவாளா? மாட்டேன். மேடையில நின்னு அந்த வரியச் சொல்லவும் மாட்டேன். நிறுத்தி எல்லாரையும் பாக்கணுமாமே, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பாக்கறது?

காலையில ஏர்போர்ட் கேட்டுல உக்காந்து போன்லயே எழுதுனேன். மொதல்ல சீரியல் நம்பரு, அப்புறம் அளவு. ரெண்டு பீஸ்தான் அளந்தேன், இருபத்து மூணு அளக்கல, எழுதுனது பொய், எழுதுனது நான். அதோட விட்டா பாதிதான் சொன்ன மாதிரின்னு, பதினோரு வருஷத்துல ஏழாம் நம்பர் விழுந்த எல்லாத்தையும் திரும்பப் பாருங்கன்னும் எழுதிட்டேன். மத்தது எல்லாம் அளந்தேன் தங்கச்சி. வல்லாஹி, சத்தியமா ஒண்ணு விடாம அளந்தேன். ஆனா அது நான் சொல்றது. இனிமே நான் சொல்றத எதுக்கு நம்பணும்? ஆயிரக்கணக்குல இருக்கும். இருக்கட்டும். பாக்கட்டும்.

யாருக்கா? மூணு பேருக்கும். வெளிநாட்டுக்காரங்க, முதலாளி, ஹாஃபிஸ். ஒரே மெயிலுல. தனித்தனியா அனுப்புனா ஒருத்தர் இன்னொருத்தரத் தடுப்பாங்கல்ல. ப்ளேன் கதவ மூடும்போது அமுக்குனேன். போச்சுன்னு காட்டுச்சு. அப்புறம் அந்தத் தண்ணி குடுத்த பொண்ணு வந்து போன அணைங்கன்னுச்சு, அணைச்சேன். ஒரு மணி நேரமா அணைஞ்சு கெடக்கு. அதான் இவ்வளவு பேசிட்டேன்போல. வீட்டுக்காரருக்குக்கூட இன்னும் சொல்லல. மொதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன். வாயில வருதான்னு பாக்கணும்ல.

அழாதீங்க, நானே அழல. என்ன பண்ணுவாங்க? முத்திரைய வாங்குவாங்க, வேலையும் போவும். போஸ்டரக் கிழிப்பாங்க, மூக்கு எனக்கே புடிக்கல. கம்பெனி போயிருமா? தெரியல. முதலாளி என்னக் கேப்பாரு, நூத்தி அறுபது பேர நெனச்சியான்னு. நெனச்சேன்னு சொல்லுவேன். நூத்தி அறுபது பேரும் ஒழுங்கா வெட்டறாங்க, ஒழுங்காப் பெட்டி கட்டறாங்க. ஒழுங்கா அளக்காதது ஒருத்தி, அவ பேரச் சொல்லிட்டேன், அத வச்சு மத்தவங்கள எடைபோடாதீங்கன்னு அந்த வெளிநாட்டுக்காரங்க முகத்தப் பாத்துச் சொல்லுவேன். எங்களால முடியாதுன்னு யாராவது சொன்னா இன்னைக்கும் சண்டைக்குத்தான் போவேன். எங்களால முடியும். அன்னைக்கு நான் செய்யல. ரெண்டும் வேற வேற.

இறங்கிட்டோம்! பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல. நல்லா வந்துட்டீங்க. எந்திரிக்காதீங்க, இன்னும் நிக்கல. ஆமா, மேல இருக்கற பச்சைப் பை என்னோடதுதான், எடுத்துக் குடுங்க, கொஞ்சம் கனமா இருக்கும். அந்தப் பீஸு அதுலதான் இருக்கு. கேட் பாஸ் எழுதி, கையெழுத்து வச்சுத்தான் எடுத்தேன். மேடையில காட்டத்தானே கேட்டாரு, காட்டறேன்.

கொஞ்சம் இருங்க, போனப் போடறேன். வருது. ஹாஃபிஸ் ஒன்பது தடவ கூப்புட்டிருக்காரு. வெளிநாட்டு நம்பர் ஒண்ணு. இதோ, இப்பவே அடிக்குது பாருங்க. முதலாளி. நீங்க போங்க தங்கச்சி, கோர்ஸுக்கு நேரமாச்சு. இல்ல, கூட நிக்க வேணாம், நான் பேசிக்கறேன்.

வலைக்கும் ஸலாம் முதலாளி. இறங்கிட்டேன். படிச்சீங்களா? ஆமா. இல்ல முதலாளி, யாரும் எழுதச் சொல்லல. ஆமா, ஏழாம் நம்பர்தான். நான்தான் குத்துனேன்.